ஏ.எம்.எல். ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ: டர்பன் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புற்றுநோய் மருந்துகளைக் கலந்து வார்டுக்கு அனுப்பும் பார்மசிஸ்ட். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கமிருந்து வரும் குடும்பங்களில் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் ஓடும். ஆயாவுக்குப் பயம் வந்தால் தமிழ்தான் வரும். வேலைக்காகத் தமிழ்நாட்டு ஊரிலிருந்து வந்தவர்களுக்கோ, டாக்டர் பத்து நிமிஷத்தில் சொன்னதை இரவு அம்மாவிடம் போனில் எப்படிச் சொல்வது என்று தெரியாது. இரண்டு தரப்பும் என்னிடம் கேட்டவற்றை எழுதி வைத்திருந்தேன். மருந்தின் அளவும் முடிவும் உங்கள் டாக்டருடையவை. அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.எம்.எல். என்றால் என்ன? எந்த ஸ்டேஜ் என்று ஏன் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

அக்யூட் மைலாய்டு லுகேமியா. ரத்தம் ஊறுவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். அங்கே வெள்ளையணுவாக வளர வேண்டிய இளம் செல் வளராமலே பெருகிக்கொண்டு போகிறது. அந்த முதிராத செல்லுக்கு ‘பிளாஸ்ட்’ என்று பெயர். நாற்றங்காலைக் களை மூடிவிட்டால் பயிர் எங்கே வரும்? சிவப்பணு குறைந்து மூச்சு வாங்கும், பிளேட்லெட் குறைந்து ஈறில் ரத்தம் கசியும், நல்ல வெள்ளையணு குறைந்து காய்ச்சல் விடாமல் அடிக்கும். பொதுவாக மஜ்ஜையில் 20 சதவீதத்துக்கு மேல் பிளாஸ்ட் இருந்தால் இந்தப் பெயரை எழுதுவார்கள். சில மரபணு மாற்றங்கள் இருந்தால் அதற்குக் குறைவாக இருந்தாலும் எழுதுவார்கள்.

ரத்தம் உடம்பு முழுக்க ஓடுகிறது; அதனால் கட்டிக்குச் சொல்வதுபோல் ஒன்றாம் ஸ்டேஜ், நாலாம் ஸ்டேஜ் என்ற கணக்கு இதற்குக் கிடையாது. அதற்குப் பதில் பிளாஸ்டின் குரோமோசோமையும் மரபணுவையும் பார்த்து, மருந்துக்கு நன்றாக மடங்கும் வகை, நடுத்தரம், முரண்டு பிடிக்கும் வகை என்று பிரிக்கிறார்கள்.

போன மாதம் வரை கடை திறந்துகொண்டிருந்த அப்பாவுக்கு இந்த வாரமே கீமோவா? சென்னைக்குக் கூட்டிப்போய் இன்னொரு டாக்டரிடம் காட்டக் கூடாதா?

‘அக்யூட்’ என்ற சொல்லே அதற்குத்தான். இது வாரக்கணக்கில் முற்றும் நோய். நோயாளி நிலையாக இருந்தால் மரபணு முடிவுக்காகச் சில நாள் காத்திருப்பது உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர், நம் மாமா அல்ல. வேறு கருத்து கேட்பதில் தப்பே இல்லை. ரிப்போர்ட்டுகளை அனுப்பிக் கேளுங்கள், ஆளை அனுப்பாதீர்கள். வெள்ளையணு இல்லாத, பிளேட்லெட் தரையில் கிடக்கிற மனிதரை நீண்ட விமானப் பயணத்தில் உட்கார வைப்பது எனக்குத் தெரிந்த மோசமான யோசனைகளில் ஒன்று. நடுவானில் மூக்கில் ரத்தம் கொட்டினால் யார் பிளேட்லெட் ஏற்றுவது?

டாக்டர் ‘செவன் பிளஸ் த்ரீ’ என்றார். அது மருந்தின் பெயரா?

மருந்தின் பெயர் இல்லை, நாள் கணக்கு. சைட்டராபின் என்ற மருந்து ஏழு நாள் இரவும் பகலும் நிற்காமல் டிரிப்ஸில் ஓடும். டானோரூபிசின் என்ற மருந்து முதல் மூன்று நாள் மட்டும் தினம் ஒரு வேளை போகும். சில இடங்களில் அதற்குப் பதில் ஐடாரூபிசின். உடம்பின் பரப்பளவை வைத்துத்தான் அளவு: ஒரு சதுர மீட்டருக்குச் சைட்டராபின் நாளொன்றுக்கு 100 முதல் 200 மில்லிகிராம், டானோரூபிசின் 60 முதல் 90. அதனால்தான் வார்டில் சேர்ந்ததும் உயரமும் எடையும் எடுக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.

இந்த ஜோடி 1973 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஐம்பது வருஷப் பழைய வைத்தியமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பழசுதான். ஆனால் கீமோவைத் தாங்கக்கூடிய உடம்புள்ளவர்களுக்கு இன்றைக்கும் அடித்தளம் இதுதான். புதிய மருந்துகள் பலவும் இதன் மேல்தான் அடுக்கப்படுகின்றன.

இரண்டு மருந்துமே பிறந்த இடம் எனக்குப் பிடித்த கதை. கரீபியன் பக்கத்துக் கடல் பஞ்சு ஒன்றில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் விசித்திரமான சர்க்கரை ஒட்டிய பொருட்களைக் கண்டார். அதைப் பார்த்து ஆய்வகத்தில் செய்ததுதான் சைட்டராபின். டி.என்.ஏ. கட்டும் செங்கல்போலவே இருக்கும், ஆனால் ஒரு மூலை கோணல். அவசரமாகப் பெருகும் செல் அதை எடுத்து வைத்துக் கட்டும். அதோடு கட்டடம் நின்றுவிடும். டானோரூபிசின் இத்தாலியில் காஸ்டெல் டெல் மாண்டே என்ற பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. அந்த வட்டாரத்தின் பழங்குடியான டானியின் பெயரோடு, கெம்புக் கல்லுக்கான பிரெஞ்சுச் சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். நிறமும் அப்படியேதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இரட்டைக் கையுறை போட்டு அதை ஊசியில் இழுக்கும்போது, இத்தனை வருஷம் கழித்தும், நன்னாரி சர்பத் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும்.

அந்தச் சிவப்பு மருந்து போட்டதும் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ரத்தமா?

பெரும்பாலும் மருந்தின் நிறம். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். அதற்குப் பிறகும் சிவப்பாகப் போனால் நர்ஸிடம் காட்டுங்கள். கீமோ ஓடும் நாட்களிலும் முடிந்து இரண்டு நாள் வரையிலும் கழிவறை மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். வாந்தியையோ நனைந்த துணியையோ எடுப்பவர் கையுறை போடட்டும்.

இந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையை வேகவைத்ததுபோல் புண்ணாக்கிவிடும். அதனால்தான் கை நரம்பில் போடாமல், இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய நரம்பு வரை போகும் ஹிக்மன் லைன் அல்லது பிக் லைன் வைக்கிறார்கள். ஊசி போகும்போது எரிச்சல் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் இதில் மோசம்: ‘சிஸ்டருக்கு ஏன் தொந்தரவு’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். இதே மருந்து இதயத்தையும் தளர்த்தும். அதற்காகத்தான் முன்னாடியே எக்கோ எடுக்கிறார்கள், வாழ்நாள் மொத்த அளவையும் எழுதி வைக்கிறார்கள்.

ஏழு நாளில் மருந்து முடிகிறதே, எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாமா?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். எட்டாம் நாள் டிரிப்ஸ் கழன்றதும் எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும். யாராவது மிட்டாய்கூட வாங்கிவருவார்கள். நான் எதுவும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போவேன், ஏனென்றால் கஷ்டமான பகுதி அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

மருந்து பிளாஸ்டை மட்டும் பார்த்து அடிப்பதில்லை, மஜ்ஜையையே துடைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அணுக்கள் கரையக் கரைய, இரண்டாவது வாரத்தில் நியூட்ரோஃபில் பூஜ்யத்தைத் தொடும். கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு அதுதான். அது மறுபடி தலைகாட்ட, கீமோ தொடங்கிய நாளிலிருந்து மூன்று நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதல். அதுவரை வாயிலும் குடலிலும் நம்மோடு சும்மா குடியிருந்த கிருமிகூட எதிரியாகிவிடும். நோயால் அல்ல, இந்த இடைவெளியில் வரும் தொற்றால் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் சுற்றுக்கு ஆஸ்பத்திரியில் நாலு முதல் ஆறு வாரம் என்று மனசில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்கு ஆள் போடுவது, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவது எல்லாம் அந்தக் கணக்கில் திட்டமிடுங்கள்.

அந்த நாட்களில் பூஞ்சைத் தொற்றுக்கு முன்கூட்டியே மாத்திரை தருவார்கள். கட்டட வேலைத் தூசு, தோட்டத்து எருக் குழி, பறவைக் கூண்டு மூன்றும் வேண்டாம். இந்த நாட்டில் டி.பி. அதிகம், இருமுகிற சொந்தக்காரர் எவ்வளவு நெருங்கியவர் என்றாலும் வாசலோடு திரும்பட்டும்.

காய்ச்சல் எவ்வளவு வந்தால் கவலைப்பட வேண்டும்?

38 டிகிரி. ஊரிலிருந்து ஃபாரன்ஹீட்டில் கேட்டால் 100.4. வீட்டில் இருக்கும் நாளில் இந்த எண்ணைத் தொட்டால் உடனே கிளம்ப வேண்டும், மணி இரவு இரண்டாக இருந்தாலும். காலையில் கிளினிக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடவே கூடாது. வெள்ளையணு இல்லாதவருக்குச் சீழ் பிடிக்காது, சளி கட்டாது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு.

ஒரு குடும்பத்தில் மாலை ஏழு மணிக்கு 38.2. பானடோ (பாராசிட்டமால்) இரண்டு கொடுத்தார்கள், 37.4 ஆனது, நிம்மதியாகப் படுத்தார்கள். காலையில் ரத்த அழுத்தம் விழுந்து, நேராக ஐ.சி.யு. அவர் பிழைத்து வந்தார், மூன்று வாரம் கழித்து. பானடோ காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தொடாது. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன், அவர்கள் சொன்னால்தான் மாத்திரை. காய்ச்சலே இல்லாமல் உடல் நடுங்கினாலும் இதே விதிதான்.

இன்னொன்று. தலைவலிக்கு மூலைக்கடை கிராண்ட்பா பவுடர் நம் தாத்தாக்களுக்குப் பழக்கம். அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. பிளேட்லெட் குறைந்தவருக்கு ஆஸ்பிரின் உள்ள எதுவும், புரூஃபன் வகை எதுவும் ஆகாது. தலையணைக்கு அடியில் ஒரு பொட்டலம் இருக்கும், தேடி எடுத்துவிடுங்கள். மலச்சிக்கலுக்கு எனிமா வைப்பதும், ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைப்பதும் அப்படித்தான், தொடவே கூடாது.

பிளேட்லெட் 12 என்று இங்கே எழுதியிருக்கிறது. சென்னையில் அக்கா 12,000 என்கிறாள். யார் சொல்வது சரி?

இரண்டும் ஒன்றுதான். இங்கே லிட்டர் கணக்கில் அச்சிடுகிறார்கள், ஊரில் மைக்ரோலிட்டர் கணக்கில். இங்கே உள்ள எண்ணை ஆயிரத்தால் பெருக்குங்கள்: பிளேட்லெட் 12 என்றால் 12,000, நியூட்ரோஃபில் 0.5 என்றால் 500. ஹீமோகுளோபின் மட்டும் பெரும்பாலும் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி. ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பிளேட்லெட் 10-க்குக் கீழே இறங்கினால் பொதுவாக ஏற்றுவார்கள். ‘ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது வெறும் 12-ஆ’ என்று அந்தப் பக்கம் அழுகை கேட்டால் இந்தப் பத்தியை அனுப்பிவையுங்கள்.

ரத்தத்துக்கு நாங்கள் ஆள் கொண்டுவர வேண்டுமா?

இல்லை. ஊரில் ஒரு பாட்டிலுக்கு ஓர் ஆள் என்று அலைந்த ஞாபகத்தில் கேட்கிறீர்கள். இங்கே ரத்தம் காசு வாங்காத தன்னார்வலர்களிடமிருந்து தேசிய ரத்தச் சேவை வழியாக வருகிறது. உங்கள் சொந்தக்காரர் கொடுத்தால்தான் உங்களுக்கு என்ற பேச்சு இல்லை. ஆனால் மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்கள்தான் கொடுக்கிறார்கள், பிளேட்லெட்டோ ஐந்து நாளைக்கு மேல் தாங்காது. ஒரு ஏ.எம்.எல். நோயாளி ஒரே மாதத்தில் வாங்கும் பைகளை எண்ணிப் பார்த்தால் மலைத்துப்போவீர்கள். ஆகவே கோயில் கமிட்டி முகாம் வைத்தால் போய்க் கொடுங்கள். 56 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் மட்டும் நேராக அந்த நோயாளிக்கென்று கொடுக்க வேண்டாம். பின்னால் ஸ்டெம்செல் (மஜ்ஜையை மறுபடி முளைக்க வைக்கும் விதைச் செல்) கொடுக்க வேண்டி வந்தால் சிக்கலாகும்.

என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

சூடாக, புதிதாகச் சமைத்தது எதுவும். இவ்வளவுதான் பதில். ஆனால் யாரும் இதோடு விட மாட்டார்கள்.

பச்சைக் காய்கறியே கூடாது என்று கறாராகத் தடை போட்டால் தொற்று குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. சுத்தம்தான் முக்கியம். இருந்தாலும் பல வார்டுகளில் தடை இருக்கும்; உங்கள் வார்டின் விதியே விதி. என் அனுபவத்தில் நம் வீடுகளில் தகராறு வரும் இடங்கள் சில உண்டு. பன்னி சௌ (நடுவில் குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய கறி) கேட்பார்கள்: கறி கொதிக்கக் கொதிக்க இருந்தால் சரி, கூட வரும் பச்சைக் காரட் சம்பல் வேண்டாம். பழைய சோறு, புளிக்க வைத்த கூழ், வீட்டில் உறை ஊற்றிய தயிர் மூன்றும் வெள்ளையணு எண்ணிக்கை ஏறும் வரை ஒதுங்கி இருக்கட்டும். கடையில் மூடி சீல் வைத்த தயிரை வார்டில் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். ஆடி மாசக் கூழ் ஊற்றும் விழாவில் பெரிய அண்டாவிலிருந்து ஒரு செம்பு ஆயாவுக்கு என்று எடுத்துவருவார்கள். அம்மனை மனசில் கும்பிட்டுவிட்டு அதை நீங்கள் குடித்துவிடுங்கள். கல்யாண வீட்டில் மதியம் செய்த பிரியாணியை இரவு டப்பாவில் கொண்டுவருவதும் அப்படியே.

தேங்காய்ச் சட்னியை அரைத்தவுடன் தாளித்து, கொஞ்சம் கொதிக்கவிட்டுக் கொடுக்கிற ஓர் அம்மாவைத் தெரியும். ‘சட்னி இல்லை, குழம்பு’ என்று நோயாளி கத்தினார். ஆனாலும் நாலு இட்லி உள்ளே போனது.

விபூதி பூசலாமா? பூ வைக்கலாமா? காவடிக்குப் போகலாமா?

விபூதி நெற்றியில் ஒரு கோடு, தாராளமாக. வாயில் போடுவது வேண்டாம், லைன் இருக்கும் பக்கம் உதறுவதும் வேண்டாம். பூ, மாலை, ஜாடித் தண்ணீர் எதுவும் வார்டுக்குள் வராது. ஜாடித் தண்ணீர் கிருமிக்குத் தொட்டில். கையில் கட்டிய காப்புக் கயிறு ஈரமாகவே இருந்தால் அடியில் தோல் பிய்ந்து புண்ணாகும். அவிழ்த்துச் சாமி படத்துக்கு முன்னால் வையுங்கள், எண்ணிக்கை ஏறியதும் கட்டிக்கொள்ளட்டும். ஆக்சிஜன் ஓடும் அறையில் கற்பூரம் ஏற்றப் பார்த்த ஒருவரை நானே தடுத்திருக்கிறேன். அது பக்தி விஷயமே இல்லை, தீ விஷயம்.

தைப்பூசக் காவடிக் கூட்டம், ஈஸ்டர் நேரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டம் இரண்டும் நியூட்ரோஃபில் இல்லாத வாரங்களில் கூடாது. அலகு குத்துவதை இந்த வைத்தியம் முழுதும் முடிந்து டாக்டர் சரி சொல்லும் வரை நினைக்கவே வேண்டாம். வேண்டுதல் என்றால் வீட்டில் வேறொருவர் எடுக்கட்டுமே, முருகன் கணக்குப் பார்ப்பவன் இல்லை.

வேப்பிலை, மஞ்சள் மாத்திரை, மூலிகைக் கஷாயம்?

சமையலில் போடும் மஞ்சள் சரி, மாத்திரையாகச் செறிவாக்கியது வேண்டாம். வாரிக் சந்தையில் வாங்கிய வேர், ஊரிலிருந்து கூரியரில் வந்த லேகியம் இரண்டிலும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்கள் கல்லீரலுக்கும் தெரியாது. கீமோவை உடைப்பது அதே கல்லீரல்தான். வேப்பிலை என்று இங்கே பலர் பறிப்பது சிரிங்கா மரத்து இலை. அது நம் வேம்பின் உறவு, மலைவேம்பு, பழம் விஷம். வாசலில் கட்டுங்கள், அரைத்துக் குடிக்க வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம். சரி, கொஞ்சம் திட்டுவோம்.

முடி கொட்டுமா? வாய்ப்புண்?

முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும், பிறகு முளைக்கும். முன்னாடியே மெஷினில் ஒட்ட வெட்டிவிட்டால் தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்க்கிற வேதனை மிச்சம், பிளேடு வேண்டாம். வாய்க்கு: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, நாளுக்கு நாலைந்து முறை கொப்பளிக்க வேண்டும். பிரஷ் குழந்தைகளுடையதுபோல் மெத்தென்று இருக்கட்டும்.

‘ரெமிஷன்’ என்றார்கள். குணமாகிவிட்டது, அப்படித்தானே? பிறகு எதற்கு இன்னும் கீமோ?

மஜ்ஜையில் பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே, நியூட்ரோஃபில் 1.0-க்கு மேல், பிளேட்லெட் 100-க்கு மேல் வந்தால் முழு ரெமிஷன். நல்ல செய்திதான், கொண்டாடுங்கள். ஆனால் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாத பிளாஸ்ட் மிச்சம் இருக்கும். அப்படியே விட்டால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் திரும்பி வரும். அதனால் அடுத்தது கன்சாலிடேஷன்: சைட்டராபினை மட்டும், ஆனால் மிகப் பெரிய அளவில், சதுர மீட்டருக்கு 1.5 முதல் 3 கிராம் வரை, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, வழக்கமாக 1, 3, 5-ஆம் நாட்களில். இப்படி மூன்று நாலு சுற்று.

இந்த அளவில் மருந்து கண்ணீரிலும் கலந்து கண் சிவந்து எரியும். அதற்காகத்தான் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. இரவில் எழுப்பிப் போட்டாலும் சலித்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று சிறுமூளை. தடுமாற்றம், குழறல் வந்தால் மருந்தை நிறுத்த வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் மூக்கைத் தொடச் சொல்வார்கள், நடக்கச் சொல்வார்கள், நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ஒரு முறை வார்டில் பெரிய குழப்பம். ஓர் ஆயாவின் கையெழுத்து ‘கோணல் மாணலாக இருக்கிறது, படிக்கவே முடியவில்லை’ என்று இளம் நர்ஸ் பதறி என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் ஆயா அன்றைக்குத் தமிழில் போட்டிருக்கிறார். சின்ன வயதில் தமிழ்ப் பள்ளியில் படித்ததாம்; ‘ழ’கரத்தின் வால்கூடப் பிசகவில்லை. அதன் பிறகு நோட்டில் தினமும் தமிழ்க் கையெழுத்துத்தான், நேற்றையதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதுமே.

மொத்தத்தில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள்?

60 வயதுக்குள் இருப்பவர்களில் முழுக்கக் குணமாவது 35 முதல் 40 சதவீதம். அதற்கு மேற்பட்டவர்களில் 5 முதல் 15. இவை பொதுவாகச் சொல்லப்படும் எண்கள். மரபணு வகையைப் பொறுத்து ஒருவருக்கு இதைவிட நிறையக் கூடும், இன்னொருவருக்குக் குறையும். உங்கள் ஆளின் எண்ணை உங்கள் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். கேட்காமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை வேறு. செவன் பிளஸ் த்ரீ தாங்காது என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. இந்த நோய் பெரும்பாலும் வயதானவர்களுக்குத்தான் வருகிறது. அவர்களுக்கு அசாசைட்டிடின் ஊசி, வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரை என்ற ஜோடி இப்போது உண்டு. ஊசி 28 நாள் சுற்றில் ஏழு நாள், வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில். மாத்திரை 100, 200, 400 மில்லிகிராம் என்று மூன்று நாளில் ஏறும். 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், ஊசி மட்டும் போட்டவர்களின் நடுவண் ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 9.6 மாதம், இரண்டும் சேர்ந்தபோது 14.7. பெரிய பாய்ச்சல் என்று நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் அந்த மாதங்களில் பல நாட்களை வீட்டு வராந்தாவில் பேரனோடு கழிக்க முடிகிறது.

மாத்திரை சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீரோடு. கிரேப்ஃப்ரூட் கூடாது, செவில் ஆரஞ்சில் செய்த மார்மலேடும் கூடாது. பூஞ்சைக்கான போசகோனசோல் கூடவே ஓடினால் வெனெட்டோகிளாக்ஸ் அளவை 100-க்கோ அதற்கும் கீழேயோ குறைப்பார்கள். ‘டாக்டர் 400 என்றார், கடையில் குறைத்துவிட்டார்கள்’ என்று சண்டைக்கு வருவதற்கு முன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இதிலும் எண்ணிக்கை விழும். 38 டிகிரி விதி அப்படியே இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு மாத்திரையும் ஆர்சனிக்கும் கொடுத்தே குணமானதாம். எங்களுக்கு ஏன் இல்லை?

அவருக்கு வந்தது ஏ.பி.எல்., ஏ.எம்.எல்.லின் ஒரு தனி வகை. அதற்கு ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகை மாத்திரையும் ஆர்சனிக் டிரையாக்சைடும். பாஷாணம்தான், ஆம், நம் சித்தர்கள் பெயர் சொன்ன சரக்கேதான். ஆனால் அளந்து சுத்திகரித்து நரம்பில் ஏற்றுவது. முதல் நாட்களின் ரத்தக்கசிவைத் தாண்டிவிட்டால் பத்தில் ஒன்பது பேர் குணமாகிறார்கள். சந்தேகம் வந்த அன்றே மாத்திரையைத் தொடங்குவார்கள். மற்ற வகைகளில் இது அதே மாதிரி வேலை செய்யாது.

எஃப்.எல்.டி.3 மரபணு மாறியிருந்தால் செவன் பிளஸ் த்ரீயோடு மிடோஸ்டாரின் மாத்திரை சேர்ப்பதும் உண்டு, கிடைக்கிற இடத்தில்.

ஸ்டெம்செல் மாற்று எங்களுக்கும் வேண்டுமா? யார் கொடுக்கலாம்?

முரண்டு பிடிக்கும் வகை என்றால், அல்லது திரும்பி வந்தால், இதைப் பேசுவார்கள். கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. அண்ணன் தம்பி ஆறு பேர் இருந்த காலத்தில் சுலபம். இன்று ஒன்றோ இரண்டோதான். பாதி பொருத்தமுள்ள மகனோ மகளோ கொடுக்கும் முறையும் இப்போது இருக்கிறது.

வெளியே தேட 1991-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க எலும்பு மஜ்ஜைப் பதிவகம் உலகப் பதிவகங்களிலும் தேடும். திசுவகை பரம்பரையாக வருவது. 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் கூலி வேலைக்கு வந்து இறங்கியவர்களின் ஐந்தாம் தலைமுறைக்குப் பொருத்தமானவர் டர்பனில் இல்லாமல் வேலூர்ப் பக்கம் யாரோ ஒருவராக இருக்கலாம். சென்னையிலுள்ள தாத்ரி பதிவகம் அந்த வகையில் நமக்குச் சொந்தம். இளைஞர்களே, கன்னத்தில் பஞ்சுக் குச்சி தடவிக் கொடுப்பதுதான் பதிவு; நம் ஆட்கள் பட்டியலில் குறைவு.

கல்யாணமாகாத பையன். பிறகு குழந்தை பிறக்குமா?

கீமோவுக்கு முன்னால் விந்தைச் சேமிக்க முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். பெரியவர்கள் எதிரில் பேச வெட்கமாக இருந்தால் அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். பெண்களுக்குக் கருமுட்டை சேமிக்கப் பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை; மாதவிலக்கை நிறுத்த மாத்திரை தருவார்கள், அது ரத்தக்கசிவைத் தடுக்க.

பணம்?

மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) இருந்தால் ‘பி.எம்.பி.’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு திட்டமும் கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்கள். அக்யூட் லுகேமியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் குறித்த ஆஸ்பத்திரியில் பார்த்தால் முழுதும் அவர்கள் கட்ட வேண்டும், திட்டத்துக்குள் இருக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. புது மருந்துக்கு ஏன் தேவை என்று விளக்கி டாக்டர் தனியாக மோட்டிவேஷன் கடிதம் எழுத வேண்டி வரும். முதல் முறை மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள், மறுப்பு என்பது பாதி நேரம் தொடக்கப் புள்ளிதான். நோய் தெரிந்த பிறகு புதிதாகச் சேர்ந்தால் அந்த நோய்க்கு 12 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். திட்டம் இல்லாதவர்களுக்கு அரசு வழி உண்டு: உள்ளூர் ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்து, காட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு. கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

ஆயாவிடம் என்ன நோய் என்று சொல்ல வேண்டுமா?

‘ரத்தம் கம்மி’ என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறோம், நீங்களும் சொல்லிவிடாதீர்கள் என்று வார்டு வாசலிலேயே என்னை மறித்தவர்கள் உண்டு. என் கருத்து: அவருக்குத் தெரியும். முடி கொட்டுகிறது, முகமூடி போட்டு வருகிறார்கள், மகள் குளியலறையில் போய் அழுகிறாள், தெரியாமல் இருக்குமா? தெரிந்ததைப் பேச ஆள் இல்லாமல் தனியாகப் படுத்திருக்கிறார், அவ்வளவுதான். கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். ‘டாக்டர் எல்லாம் உங்களிடம் சொல்லட்டுமா, இல்லை நான் கேட்டுக்கவா ஆயா?’ என்ற ஒரு கேள்வி போதும். ‘நீயே கேட்டுக்கோ’ என்று சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவு.

முதல் சுற்று முடிந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என்ன வாங்கி வைக்க?

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு. ஒன்று நிச்சயம் வேலை செய்யாது. வார்டின் இரவு நேர எண்ணைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அதற்குக் கீழே ‘கீமோ, ஏ.எம்.எல்.’ என்றும் கடைசிக் கீமோ தேதியையும் எழுதுங்கள்; அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டரிடம் அந்தத் தாளைப் பிய்த்து அப்படியே நீட்டினால் வரிசையில் உட்கார வைக்க மாட்டார். லைனுக்கான கட்டுத் துணி, மெத்தென்ற பிரஷ், கைக்கு ஸ்பிரிட் ஜெல். காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம்.